உஷாராணி வீடு பார்த்த கதை

உஷாராணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பல் கிளினிக்கில் முன்மேசை வேலை பார்த்து அறுபது வயதில் ஓய்வு பெற்ற நாள்வரை தெரியாமலே இருந்துவிட்டாள், அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டவளும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறவளுக்குக் கார் எதற்கு? கோயிலுக்கு நடை, காய்கறிக்கு நடை. காஜாங்கில் இருக்கும் தங்கை தாமரையைப் பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஆயிற்று. ரவிக்கைத் துணிக்கு மஸ்ஜித் இந்தியா போக எல்ஆர்டி ரயில் இருக்கவே இருக்கிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தெம்பு அவள் நடையிலேயே தெரியும்.

அவள் ஓட்டக் கற்றுக்கொள்ளாததற்குக் காரணம் அவள் கணவர் திருச்செல்வம். சுற்றுலா பஸ் ஓட்டுநர், இப்போது அவரும் ஓய்வில். கேமரன் மலை வளைவுகளில் பஸ் நிறையப் பயணிகளை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஓட்டியவர். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பயணிகளிடம் இருந்த பொறுமை மனைவியிடம் இருக்குமா? "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கார் நேராகப் போய்ச் சாக்கடையோரம் நின்றது. உஷாராணி கதவைத் திறந்து இறங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

போன வருடம் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் உரிமையாளர் காலமானார். அவருடைய மகன் நல்ல பையன்தான், ஆனால் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் கணக்கில் அறை விட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த பையன். சீனப் பெருநாளுக்குள் காலி செய்து கொடுங்கள் அங்கிள் என்று பணிவாகவே சொல்லிவிட்டான். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வாடகை ஒவ்வொன்றும் மலைக்க வைத்தது. இருவருடைய சேமிப்பும் சேர்ந்தாலும் அந்த வாடகையைச் சில வருடங்களுக்கு மேல் தாங்காது. கோலாலம்பூரை விட்டுத்தான் போக வேண்டும் என்று திருச்செல்வம் சொன்னார். சொன்ன விதத்தில் கவலை இல்லை, குஷிதான் இருந்தது. உஷாராணிக்கு அது அப்போதே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்துத் தீபாவளி வந்தது. திருச்செல்வத்தோடு பஸ் ஓட்டிய கமலநாதன் ஓய்வுக்குப் பிறகு பேராக் மாநிலத்தில் இருக்கும் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே போய்விட்டவர். வந்தே ஆக வேண்டும் என்று அழைத்திருந்தார். போனார்கள்.

அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பந்தல், பந்தலுக்கடியில் ஆட்டுக்கறி வாசம், புதுச் சட்டையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அழைக்காத வீட்டுக்காரர்கள்கூடக் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பிட வைத்தார்கள். கமலநாதனின் மனைவி இராஜம்மாவுக்கு வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. உஷாராணியும் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படியில் இறங்கிவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருடங்கள் ஓடியிருந்தன. இங்கே மத்தியானத்துக்குள் பத்துப் பேர் அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீடு காலி. இரண்டு அறை, முன்னால் முற்றம், இரும்புக் கேட். வாடகை இவர்கள் கொடுப்பதில் பாதிகூட இல்லை. திருச்செல்வத்துக்கு வாயெல்லாம் பல்.

"என்னா உஷா, சொர்க்கம் மாரி இருக்குல்ல?"

"கடை எவ்வளவு தூரங்க?"

"நான் இருக்கேன்ல? எங்க போகணுமோ சொல்லு, கொண்டு போயி விடுறேன்."

அவளுக்கும் ஊர் பிடித்துத்தான் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. இரண்டு பேருமே ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். தெருவில் வரிசையாக நின்ற கார்களில் பேராக் பதிவு எண் கொண்டவை நாலைந்து தேறினால் அதிகம். மற்றதெல்லாம் கோலாலம்பூர், சிலாங்கூர், ஜொகூர். பெருநாளுக்கு ஊர் திரும்பிய பிள்ளைகளின் கூட்டத்தை ஊரின் கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் ஊர் பார்க்கப் போவதே தீபாவளிக்குத்தான், பிறகு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் முன்பணம் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும். "நீ ரயில்ல போயி குடுத்துட்டு வந்துரு லா, எனக்கு முதுகு வலிக்குது" என்றார் திருச்செல்வம். கேட் வரைக்கும் குப்பை போடக் காரை எடுக்கலாமா என்று யோசிக்கிற மனிதர், வடக்கே நெடுஞ்சாலையில் போகும் வாய்ப்பை வேண்டாம் என்கிறார். உஷாராணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு புதன்கிழமை காலை இடிஎஸ் விரைவு ரயில் ஏறினாள்.

சுங்கை சிப்புட்டில் இறங்கி கிராப் வாடகைக் காருக்குக் காத்து நின்றதிலேயே பாதிக் காலை போய்விட்டது. தெருவுக்குள் நுழைந்தபோது தப்பான இடத்தில் இறக்கிவிட்டானோ என்று நினைத்தாள். ஈ காக்கை இல்லை. கேட்டெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டுக்குள் தொலைக்காட்சி மட்டும் யாருக்கோ பேசிக்கொண்டிருந்தது. இராஜம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உஷாராணியைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்தவள், உள்ளே வந்தும் விடவில்லை.

"என்னக்கா, யாரையும் காணோம்?"

"யாரு இருக்கா? தீபாவளி முடிஞ்சு மூணாம் நாளே எல்லாரும் கெளம்பிட்டாங்க லா. இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரு, அந்தக் கோடியில ஒரு கிழவரு. இனிமே அடுத்த வருசந்தான்."

சமையல் பாதியில் நின்றிருந்தது. அரைக்கத் தேங்காய் இல்லை. கமலநாதன் ஈப்போவுக்கு முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார், அவர் வந்தால்தான் தேங்காய் வரும் என்றாள் இராஜம்மா.

"தேங்கா தானே, வாங்கக்கா, நடந்து போயி வாங்கிட்டு வருவோம்."

இராஜம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பெரிய சாலை வந்ததும் உஷாராணிக்கு விஷயம் புரிந்தது. நடைபாதை என்று ஒன்று கிடையாது. புல்லில் இறங்கி நடந்தால் முள்ளும் நாய்களும், தார் மேல் நடந்தால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் புடவையை இழுத்துக்கொண்டு போவதுபோல் உரசிப் போயின. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடை எதுவும் தெரியவில்லை. ஒரு லோரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி போன பிறகு இருவரும் திரும்பிவிட்டார்கள்.

கேட்டுக்குள் வந்த பிறகுதான் இராஜம்மா பேசினாள். "நீ பக்கத்துல வந்தா எனக்குப் பேச்சுத்துணை. வான்னுதான் என் மனசு சொல்லுது. ஆனா கேட்டுக்கோ, நான் கோயிலுக்குப் போயி மூணு வாரமாச்சு. அவருக்கு முழங்கால் வலின்னா எனக்குந்தான் கால் இல்லாத மாரி. உன்கிட்ட நான் பொய் சொல்ல முடியுமா?"

உஷாராணி முன்பணத்தைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பும் ரயிலில் அவளுக்குப் பயமாகவே இருந்தது. ஆள் இல்லாத ஊர் கூடப் பரவாயில்லை. தேங்காய்க்கு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமே! இத்தனை வருடம் தன் இஷ்டத்துக்கு நடந்த கால்கள். அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டு மலிவு வீட்டில் என்ன செய்வது?

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். தேங்காயையும் சொன்னாள். "எனக்கு அந்த ஊர் வேணாங்க" என்றாள்.

திருச்செல்வம் எகிறினார். "நான் எதுக்கு இருக்கேன்? எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனா இல்லையா?"

"உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா?"

வாயில் வந்ததைத்தான் கேட்டாள். திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சோபாவில் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணில் தூசி என்று தினமும் ஊற்றிக்கொண்ட மருந்து.

"தூசி இல்ல உஷா. கண்ணுல பிரஷராம். நேரா தெரியுது, ஓரமா தெரியல. போன பார்வை வராதாம், இருக்கிறதைத்தான் காப்பாத்த முடியுமாம். ஃபெடரல் ஹைவேயில ஒரு மோட்டார்சைக்கிள்காரன் என் பக்கத்துலயே வந்திருக்கான். எனக்குத் தெரியவே இல்ல. மயிரிழையில தப்பிச்சான்."

"எப்போ?"

"போன வருசம்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல என்னை அந்த ஊருக்குக் கூப்பிட்டீங்க?"

அவர் நிமிரவில்லை. "சின்ன ஊரு, மெதுவா ஓட்டலாம்னு நெனச்சேன். இங்க உனக்கு நான் எதுக்கு? நீ பாட்டுக்கு நடந்து போற, ரயில் ஏறுற, வர. வேலையும் போச்சு, நான் வீட்டுல சும்மா குந்திக்கிட்டு இருக்கேன். அங்க போனா ஒரு தேங்காய்க்காவது என்னைக் கூப்பிடுவல்ல?"

உஷாராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முதலில் வெளியே வந்தது ஆத்திரம்தான். "உங்களுக்கு வேலை வேணும்னு என் காலை ஒடிக்கப் பார்த்தீங்களா? ரோட்டோரத்துல ஒரு பிள்ளை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள். அவள் எழுந்து போய் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மனது ஆறியிருக்கும். அவர் அப்படியே உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை அப்புறம் அடுப்படியில் வந்தது.

அந்த வாரம் முழுக்க இருவரும் அளந்துதான் பேசினார்கள். தங்கை தாமரை வந்து காரைத் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளினிக்கில் உஷாராணியோடு வேலை பார்த்த தஸ்லீமா கிள்ளான்காரி. அவள்தான் கிள்ளான் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாவதாகச் சொன்னாள். சுங்கை சிப்புட் அளவுக்கு மலிவில்லை, பிரிக்ஃபீல்ட்ஸைவிட எவ்வளவோ தேவலை.

"வாங்க, பார்த்துட்டு வருவோம்" என்றாள் உஷாராணி.

"எதுல போறது?"

"ரயில்லதான். வேற எதுல?"

சென்ட்ரலில் பயணக் கார்டை எங்கே தட்டுவது என்று தெரியாமல் அவர் தடுமாறினார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஊரெல்லாம் பஸ் ஓட்டிக் காட்டிய மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. படியில் இறங்கும்போது இடது பக்கமாக வந்த ஒருவர்மேல் மோதிக்கொண்டார். உஷாராணி அவருடைய இடது முழங்கையைப் பிடித்தாள். உதறினார். இன்னொருவர்மேல் மோதிய பிறகு உதறவில்லை.

கிள்ளான் வீடு சின்னதுதான். முற்றம் இல்லை, கேட் இல்லை, வாசலைத் திறந்தால் சந்து. ஆனால் சந்தைத் தாண்டினால் தெங்கு கெலானா சாலை. பூக்கடை, பாத்திரக்கடை, தேங்காய் துருவித் தரும் கடை, எல்லாம் நடந்து போகிற தூரம். உஷாராணி ஒரு சுற்று நடந்து பார்த்தாள். திருச்செல்வமும் கூடவே நடந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு கடையில் தேநீர் குடித்து முடித்ததும், "வீட்டுக்காரன்கிட்ட சொல்லிரு" என்றார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"மனசாரச் சொல்றீங்களா?"

"மனசார எங்க? வேற வழி இல்ல, அதான் சொல்றேன்."

அந்த நேர்மை அவளுக்குப் போதுமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்து வருடமாக அவர் ஓட்டிய வண்டி எதில் ஏறினாலும் உஷாராணி மறுநிமிடம் தூங்கிவிடுவாள். அவர் விழித்திருக்கும்போது தான் எதற்கு விழித்திருக்க வேண்டும் என்ற நிம்மதி. ரயில் நகர்ந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை ஒன்று வந்து போனது, அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் கடந்துவிட்டது.

"எந்த ஸ்டேஷன்னே தெரியல உஷா. நீ தூங்கிட்டா நான் எங்கன்னு எறங்குறது?"

"நான் தூங்க மாட்டேன். நீங்க தூங்குங்க, நான் எழுப்புறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஷா ஆலம் ஸ்டேஷன் வருவதற்குள் திருச்செல்வம் தூங்கிவிட்டார்.