வெள்ளையம்மாள் கலைத்த பட்டியல்

நேற்று முன்தினம் காலை ஆலைச் சங்கு ஊதி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திய சேத்தூர்க்காரர் ஒருவர் என் அறைக்குள் வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மேனேஜரய்யா, வெள்ளையம்மா நேத்துப் பொழுதடைய போயிட்டாவ. இன்னைக்கு உச்சிக்கு மேல எடுக்கோம். ஒங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டு வரச் சொன்னாவ" என்றார். யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டேன். "அவியளேதான். மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லி வச்சிட்டாவ" என்றார். சாவுச் செய்தியைக்கூடத் தாமே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளையம்மாள் அவர்கள் இராஜபாளையத்துப் பருத்தி அரவை ஆலையில் ஜின் மெஷினுக்குப் பருத்தி ஊட்டியவர்கள். பருத்தியை அள்ளி உருளைக்குள் கொடுப்பதும், கொட்டை வேறு பஞ்சு வேறாகப் பிரிந்து விழுகிறதா என்று பார்ப்பதும்தான் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஆலையில் நான் ஏறத்தாழ முப்பது வருஷமாக மேனேஜராக இருக்கிறேன் என்றால் அது அவர்கள் போட்ட பிச்சை. இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காமர்ஸ் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையின் கடைசிப் பகுதி ஒரு கட்டுரை. ஒரு தொழிற்சாலையைப் பார்த்து அதன் நிர்வாகத்தையும் அங்கே வேலை செய்வோரின் வரலாற்றையும் எழுதி, மதுரையிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் வாசிக்க வேண்டும். இராஜபாளையத்து ஆலை முதலாளி என் வாப்பாவுக்குப் பழக்கமானவர். "பையன் வரட்டும், எழுதட்டும். நல்லா எழுதினா இங்கயே வேலையும் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த வேலைதான் எங்கள் வீட்டின் கனவு.

வரலாற்றுப் பகுதி எனக்குச் சுலபமாக முடிந்தது. சீமையில் ஆலைகள் எப்படித் தோன்றின என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். நிர்வாகப் பகுதிக்காக ஜின் ஹாலுக்குள் போனால் ஒரே சந்தைக்கடை. நாற்பது மெஷின், நாற்பது பெண்கள். யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு விதியும் இல்லை. கைப்பிள்ளைகள் வேறு கூடையிலும் சாக்கிலும் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் ஆஜர் கூப்பிடுவது போல நாற்பது பெயர்களையும் அகர வரிசையில் எழுதி, மெஷின்களுக்கு எண் போட்டு, ஒரு பட்டியல் தயாரித்தேன். முதலாளி அதைப் பார்த்து மகிழ்ந்து, திங்கட்கிழமையே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் ஆறு ஆண்டாள். நடுவில் ஏழு மாரியம்மாள். மேஸ்திரி "ஏட்டி மாரி!" என்று ஒரு சத்தம் போட்டால் ஏழு தலை திரும்பும், ஏழு மெஷினில் பருத்தி அடைத்துக்கொள்ளும். வெள்ளையம்மாள் கடைசி எழுத்துக்காரர் என்பதால் இஞ்சின் அறைச் சுவர் ஓரம், சூட்டில் போய் விழுந்தார்கள். அப்போது அவர்கள் மடியில் ஐந்து மாதப் பெண் குழந்தை. இதெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போகிற காரியம். புதன்கிழமைக்குள் அரவை பாதியாகக் குறைந்ததுதான் சிரிக்க முடியாத காரியம். முதலாளிக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "ஏமிரா இதி!" என்று ஹாலைச் சுற்றி வந்தவர், அழுகிற குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "பிள்ளைக்காரிய பதினோரு பேரும் திங்கள்லேருந்து வர வேண்டாம்."

அன்று சங்கு ஊதியதும் வெள்ளையம்மாள் நேரே என்னிடம் வந்தார்கள். இடுப்பில் குழந்தை, தலைமுடியெல்லாம் பஞ்சு.

"தம்பி, அந்தச் சீட்டு நீ எழுதினதுதானே?"

"ஆமாம்."

"பாத்திமா பக்கத்துல நான் ஏன் ஒக்காந்தேன்னு கேட்டியா? அவளுக்கு அந்தப் பக்கம் ராக்கு ஏன் ஒக்காந்தாள்னு கேட்டியா? ஒருத்தரயும் கேக்கல. பேர மட்டும் கேட்டு எழுதிட்டுப் போயிட்ட."

அதன் பிறகுதான் எனக்கு விளங்கச் சொன்னார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு மெஷினுக்கும் ஊட்டுவாள். மெஷின் அடைத்துக்கொண்டு தாயால் நகர முடியாவிட்டால், பக்கத்தில் இருப்பவளே பிள்ளையை எடுத்துத் தன் பாலைக் கொடுப்பாள். எந்த மெஷினும் நிற்காது, எந்தப் பிள்ளையும் அழாது. ஆனால் தன் பிள்ளையை யார் மடியில் போட ஒரு தாய் சம்மதிப்பாள்? ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத காலம் அது. யார் யாரோடு சேர்வார்கள் என்று பார்த்துப் பார்த்து, பல மாதம் இடம் மாற்றி மாற்றி, வெள்ளையம்மாள்தான் அந்த ஹாலை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் சந்தைக்கடை என்று நினைத்தது அதைத்தான். என் பட்டியலில் பாத்திமா இருந்த இடத்திலிருந்து பார்த்தால் ராக்குவின் முதுகுகூடத் தெரியாது.

"நீ போட்ட சீட்டு. நீயேதான் கிழிக்கணும். மொதலாளிகிட்ட நாங்க போனா, பிள்ளைக்காரிய வேல போயிருமேன்னு பயந்து பேசுறாளுவன்னு சொல்லுவாவ. பதினோரு வீட்டு அடுப்பு தம்பி. சும்மா நிக்காத, போ."

போனேன். பட்டியல் தப்பு என்றால் கட்டுரை தப்பு. கட்டுரை தப்பு என்றால் பரீட்சை போச்சு, வேலையும் போச்சு. முதலாளி கேட்டுவிட்டு, "நீ போட்டத நீயே தப்புங்கிற. அப்புறம் உன்னை வச்சு நான் என்ன செய்ய?" என்றார். கடைசியில் இறங்கி வந்து, சனிக்கிழமை ஒருநாள் அவர்கள் இஷ்டப்படி உட்காரட்டும் என்றார். ஹாலில் குவித்திருக்கும் பருத்தி முழுவதும் சங்குக்கு முன்னால் அரைபட்டால் எல்லாரும் இருக்கலாம். ஒரு கூடை மிஞ்சினாலும் பதினோரு பேரோடு நானும் வெளியே. குவித்த குவியலோ வழக்கத்தைவிடப் பெரியது. நான் சொல்லவும் பயந்து வெள்ளையம்மாளைப் பார்த்தேன். அவர்கள் குவியலை ஒருமுறை சுற்றி வந்து, "இம்புட்டுதானா?" என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமையை என் கண்ணால் பார்த்தேன். காலையில் நாற்பது பேரும் அவரவர் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி எழுந்தால் பக்கத்துக் கை தானாக நீண்டது. குழந்தைகள் மடியிலிருந்து மடிக்குப் போயின, வந்தன. வெள்ளையம்மாள் ஒரு கையால் தம் மகளைத் தட்டிக்கொண்டே மறு கையால் பாத்திமாவின் மெஷினுக்கும் ஊட்டியதைப் பார்த்தபோது, என் காமர்ஸ் புத்தகத்தைக் கிணற்றில் போடலாமா என்று தோன்றியது. பிற்பகலில் முதலாளி வந்து, வாயில் வெற்றிலையோடு ஹால் வாசலில் நின்றார். பருத்திக் குவியல் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, தரை தெரிந்தது. வெள்ளையம்மாள் கடைசிக் கைப்பிடியை உருளைக்குள் கொடுத்துவிட்டு, "ஏலே இஞ்சின்காரா, சங்கு ஊத மறந்துட்டியா? நாங்க சும்மா இருக்கோம்லா!" என்று சத்தம் போட்டார்கள். சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. ஹாலே அதிரும்படி பெண்கள் குலவையிட்டார்கள். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "யாரும் எங்கயும் போக வேண்டாம்மா" என்றார். நான் சின்னப்பிள்ளை போல அழுதேன்.

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். எழுதியதை முதலில் அவர்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்கள். "நாங்க ஒரு நாள்ல செஞ்சதுக்கு ஒனக்குப் பத்துப் பக்கமா?" என்றார்கள். பிறகு முகம் மாறியது. "எம் பேரு மட்டுந்தான் இருக்கு. மத்தவிய பேரு எங்க? நானா ஒத்தையில அரைச்சேன்?" சீமை ஆலைகளின் வரலாற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நாற்பது பெயர்களையும், அவர்கள் உட்கார்ந்த வரிசையில், யாருக்குப் பக்கத்தில் யார், ஏன் என்று எழுதினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை வாசித்தபோது பரீட்சகர், "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். "புத்தகத்தில் இல்லை ஐயா, சேத்தூர் வெள்ளையம்மாள் சொன்னது" என்றேன். வகுப்பில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாற்பது பெயர்களையும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வகுப்பில் முதலாவதாகத் தேறினேன். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று வெள்ளையம்மாள் வாசலிலேயே மறித்து, "சீட்டு கீட்டு எழுதினா செத்த நேரம் எங்கிட்ட கேட்டுட்டு எழுது, என்ன?" என்றார்கள். கடைசி வரை கேட்டுத்தான் எழுதினேன்.

நேற்று முன்தினம் உச்சிக்குச் சேத்தூர் போனேன். அவர்களுக்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. பாடை தூக்கப் பங்காளிகள் நால்வர் வந்து நின்றார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆண்கள் சிலர் முன்னால் வந்தார்கள். இராஜபாளையத்தார், வ. புதுப்பட்டியில் குடியேறியவர், மகாராஜபுரத்தில் உழுகிறவர். பாத்திமாவின் மகன் யூசுபும் இருந்தான். ஊர்ப் பெரியவர் தடுத்து, "நீங்க எல்லாம் என்ன முறையில தோள் குடுக்க வாரீய?" என்று கேட்டார்.

"பிள்ளை முறையில" என்றான் யூசுப். "எங்கம்மா மெஷினு அடைச்சுக்கிட்டப்பல்லாம் எனக்குப் பால் குடுத்தது இவியதான். எங்க மார்க்கத்துல பாலுக்கும் உறவு உண்டு பெரியப்பா. இவிய எனக்கும் தாயிதான்."

மற்றவர்களும், தாங்களும் அவர்கள் பால் குடித்தவர்கள்தான் என்றார்கள். பெரியவர் மூத்த மகளைப் பார்த்தார். ஐந்து மாதக் குழந்தையாக நான் பார்த்த அந்தப் பெண், அழுதுகொண்டே தலையசைத்தாள். பெரியவர் விலகி வழி விட்டார். பதினோரு தாய்மாரை வீட்டுக்கு அனுப்ப இருந்தவன் நான். எனக்கு அந்தத் தோள் உரிமை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

சென்று வாருங்கள், அக்கா. சுடுகாடு வரை தோள் மாற்ற ஆள் குறையவேயில்லை.