பிள்ளையார்பாளையத்தில் பகலில் தூங்கிப் பார்த்தேன்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று, பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே, வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு கிளினிக். நர்ஸ் என்று பெயர்தான், டோக்கன் கூப்பிடுவதே பெரும்பாலான வேலை. இன்னொன்று, மாநிலம் தாண்டி காஞ்சிபுரத்தில், அறுபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "பக்கத்துலயே இருக்கறப்போ எதுக்கு கண்ணு அத்தன தூரம்?" என்றாள் அம்மா. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போன மாதம் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

பாலக்காட்டில் இரவு பத்து மணிக்கு ரயில், ஸ்லீப்பர் 285 ரூபாய். காலை ஐந்துக்குக் காட்பாடி. அங்கிருந்து வேலூர் போய், பஸ்ஸில் 65 ரூபாய் டிக்கெட், இரண்டு மணி நேரம், எட்டேகாலுக்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், எண்பதுக்கு இறங்கி வந்தார். "கேரளாவா? அப்புறம் எப்பிடிமா இவ்ளோ சுத்தமா தமிழ் பேசற?" என்று வழியெல்லாம் ஆச்சரியம். வீட்டில் பேசுவதே தமிழ்தான் என்று நான்கு முறை சொன்னேன். இறக்கிவிடும்போது மறுபடியும் கேட்டார். கடவுளே!

என் கல்லூரி சீனியர் ஜின்சி அக்கா அங்கேதான் வேலை செய்கிறார். வார்டு எல்லாம் சுற்றிக் காட்டினார். சுத்தமாக இருந்தது. மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர், ஆளுக்கொரு ஷிப்ட், பகலில் கண்ணை மூட முடியாது. அதனால் வெளியே பிள்ளையார்பாளையத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.

வீட்டுக்காரர்கள் செல்வி அக்காவும் ஏகாம்பரம் அண்ணனும் பட்டு நெய்கிறவர்கள். முன்கூடத்தில் தறி, பின்னால் எனக்கான அறை. தறிச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நைட் டியூட்டி முடித்து வந்தால் இங்கே தூக்கம் வருமா? ரயிலில் நான் சரியாகத் தூங்கவில்லை, சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெட்கத்தை விட்டு, "அக்கா, ஒரு பாய் குடுங்க, கொஞ்சம் தூங்கிப் பாக்கறேன்" என்றேன். வீடு பார்க்க வந்தவள் பாய் கேட்டால் யாராக இருந்தாலும் முழிப்பார்கள். அக்கா முழித்துவிட்டு, பாயோடு தலையணையும் கொடுத்தார்.

படுத்தபோது மணி பதினொன்று. புரண்டு புரண்டு படுத்தேன். எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. எழுந்தபோது இரண்டு இருபது! சபாஷ், இந்தச் சத்தத்திலும் தூங்கிவிட்டேனே என்று குஷியாக வெளியே வந்தால், தறியில் ஆளே இல்லை. அண்ணன் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ தூங்கிக்கினு இருந்தியா, அதான் நிறுத்திட்டோம்மா. பக்கத்து வூட்டு தறிக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் செல்வி அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மணி நேரம், இரண்டு வீட்டு வேலை! "எதுக்குண்ணா இப்படிப் பண்ணீங்க?" என்று கிட்டத்தட்டச் சண்டையே போட்டேன்.

அண்ணன் அசரவில்லை. "ராவெல்லாம் முழிச்சிக்கினு, பகல்லயும் தூங்காம போனா, ஊசிய ஆள் மாத்திக் குத்திட மாட்டியா? நாளைக்கு நாங்கதான வந்து அங்க படுக்கணும்?"

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் நான் தையல்காரர் மகள். அந்தக் கிளினிக்கில் சேர்ந்து ஊசியை எடுத்தால், "நீ குத்துவியா பாப்பா? டாக்டர் இல்லையா?" என்பார்கள். இங்கேதான் முதல் தடவையாக ஒருவர் என்னை நர்ஸாக நினைத்துப் பயந்தார். அந்தப் பயம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அறை வேண்டாம் என்றேன். மாதத்தில் பத்து நாள் எனக்காக அவர்கள் பிழைப்பு நிற்கக் கூடாது. அக்கா கோபித்துக்கொண்டார், பிறகு அவரே போன் போட்டு, ஓரிக்கையில் தன் தங்கச்சி வீட்டு மாடி அறையைப் பேசி முடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு கிலோமீட்டர், தறி கிடையாது.

முதல் வேலைக்கு வெளிமாநிலம் போக யோசிக்கிறவர்களே, அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பாமல் டியூட்டி முடிந்து வெளியே வரும் நர்ஸிடம் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்ட் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். போகும் மாநிலத்தின் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும் வேலையை உடனே ஆரம்பியுங்கள், அது இழுக்கும். தங்கப்போகும் அறையில் பகலில் ஒரு தடவை தூங்கிப் பாருங்கள்.

நாலரை மணி வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, வருகிறேன் என்று மெயில் அனுப்பினேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னைக் கேக்கறதுக்குக் கூப்பிட்டயா, சொல்றதுக்கா?"

"சொல்றதுக்கும்மா."

"சரி, பாத்து வா" என்று வைத்துவிட்டாள். ஆற்காடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். ஆனால் ஒரு தடவைகூட மெயிலைத் திரும்பப் பெறலாம் என்று தோன்றவில்லை.