கூட்டேரிப்பட்டில் உடைந்த கப்பல்

போன மாதம் ஒரு புதன்கிழமை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட். கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றதும் வழக்கம்போல் தட்டுகளும் கூடைகளும் ஜன்னலுக்கு வந்துவிட்டன. வறுத்த மல்லாட்டை விற்கிறவரைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கேட்டேன். மெட்ராஸ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — மல்லாட்டை என்றால் உங்கள் வேர்க்கடலைதான்.

அவர் பொட்டலத்தை நீட்டுவதற்குள் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் ரெண்டு துண்டு! ஜல்தி குடுய்யா, வண்டி எடுக்கணும்!"

ரெண்டு துண்டா? ஆள் முழுசாகத்தானே நிற்கிறார்?

பக்கத்து சீட்டில் மடியில் உரப்பையோடு உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் என் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அது ஒரு கதைங்க. டைட்டானிக்னு ஒரு கப்பலு முழுவிச்சில்ல? அது ரெண்டு துண்டா ஒடஞ்சிதான் முழுவிச்சின்னு இவரு ஒரு பத்திரிகைக்குக் கார்டு போட்டாரு. அதுல எழுதறாரே ஒரு ஆளு... படுபாவி, பேரு ஊரு எல்லாம் போட்டு கிழி கிழின்னு கிழிச்சிட்டாரு. அதுலேர்ந்து இந்தப் பேருதான். ஏழுமலைன்னா இங்க யாருக்கும் தெரியாதுங்க."

நான் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று புரிகிறதா? அந்தப் படுபாவி, உங்கள் அன்புக்குரிய அடியேன்தான்!

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஆணவத்தைப் பற்றி எழுதினேன். உதாரணத்துக்கு டைட்டானிக்கை இழுத்தேன். 'மூழ்கவே மூழ்காது என்று சொல்லப்பட்ட கப்பல், சின்னக் கீறலும் இல்லாத வெண்கலக் குத்துவிளக்குப் போல, முழுசாக, கம்பீரமாக நீருக்குள் இறங்கியது' என்று ஒரு வரி. எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்து ரசித்த வரி அது.

அடுத்த வாரமே ஒரு தபால் கார்டு. 'ஐயா, கப்பல் முழுசாக இறங்கவில்லை. நடுவில் உடைந்து இரண்டு துண்டாக மூழ்கியது. படகில் இருந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளவும். இப்படிக்கு, ஏழுமலை, மல்லாட்டை வியாபாரம், கூட்டேரிப்பட்டு.'

திருத்திக்கொள்ளவும்! எனக்கா? நான் லைப்ரரியில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களைப் பார்த்துவிட்டு எழுதியவனாயிற்றே. இரண்டிலும் முழுசாகத்தான் மூழ்கியது. உடனே பேனாவை எடுத்தேன். 'கூட்டேரிப்பட்டு ஏழுமலை அவர்கள் நாள் முழுக்க மல்லாட்டையை உடைக்கிற பழக்கத்தில் கப்பலையும் உடைத்துவிட்டார்' என்று பதில் போட்டேன். ஆபீஸில் கை குலுக்கினார்கள். சகலை டிரங்க் கால் போட்டுச் சிரித்தார். பத்துப் பதினைந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அந்தக் கப்பலைக் கடலுக்கு அடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வருஷம் மறுபடியும் இறங்கிப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஆழம். முன்பாதி ஒரு இடத்தில் கிடக்கிறது. பின்பாதி அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கிறது.

இரண்டு துண்டு!

பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். 'அந்தக் கார்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது' என்றுதான் தோன்றியது. பக்கத்தை மடித்து வைத்துவிட்டுக் காபி குடித்தேன்.

ஆனால் கூட்டேரிப்பட்டுக்கே ஞாபகம் இருக்கிறதே! கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் எழுந்து கத்தினேன், "ஹோல்டான்! இறங்கணும்!"

"இன்னா சார், டிக்கெட்டு திண்டிவனத்துக்கு வாங்கிட்டு?" என்று முறைத்தபடி இறக்கிவிட்டார்.

ஏழுமலையிடம் போய் நான் யார் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஸ்டூலைத் துண்டால் தட்டி, "உக்காருங்க சார்" என்றார். இரண்டு டீக்கும் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கப்பல் ரெண்டு துண்டுதான்னு பேப்பர்ல போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன் சார்."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டினேன் சார். நான் காட்டினா யாரு பாக்கறாங்க? 'இன்னாய்யா, நீயே அச்சடிச்சியா'ன்னு சிரிக்கறாங்க."

சரி, அப்போதே எப்படித் தெரியும் இவருக்கு? பொட்டலம் கட்ட எடைக்கு வாங்குகிற பழைய காகிதத்தை இவர் அப்படியே சுருட்டுவதில்லை. ஒவ்வொரு தாளையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் சுருட்டுவார். காலையில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். நல்ல தாளாக இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவார். அப்படித்தான் ஏதோ பழைய தமிழ்ப் பத்திரிகையின் ஒற்றைத் தாள் கிடைத்திருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டினார். ஓரத்தில் எண்ணெய்க் கறை. தப்பிப் பிழைத்தவர்கள் பலர் 'கப்பல் உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம்' என்று விசாரணையில் சொன்னதாக அதில் தெளிவாக இருக்கிறது. கடைசி வரியில் 'தொடர்ச்சி 34-ஆம் பக்கம்'.

"அந்த முப்பத்தி நாலாம் பக்கம்?"

"அது படிக்கறதுக்கு முன்னாடியே அவசரத்துல எவனுக்கோ கட்டிக் குடுத்துட்டேன் சார். செஞ்சி பஸ்ல போயிடுச்சி."

அந்தப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று நானே தேடிப் பிடித்தேன். விசாரணை நடத்திய கனவான்களுக்கு முன்னால் படகில் ஏறித் தப்பியவர்கள் பலர் 'உடைந்தது' என்றார்கள். அதே கப்பலில் வேலை பார்த்துத் தப்பித்த மூத்த அதிகாரி ஒருவர் 'முழுசாகத்தான் போனது' என்றார். பதறிப்போன ஜனங்கள் இருட்டில் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, 'முழுசு' என்று முடிவாகிவிட்டது. அதன்பிறகு வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை அதையே திருப்பி எழுதின. அந்தப் புத்தகங்களைப் பார்த்து நான் எழுதினேன். படகிலிருந்து பார்த்த ஜனங்கள் சொன்னது பொய், ஒரு அதிகாரி சொன்னது மெய் — எழுபது வருஷத்துக்கு மேல்!

"உங்கள இப்படி ஊரே கூப்பிடற மாதிரி பண்ணிட்டேன்... மன்னிச்சிடுங்க" என்றேன்.

"பேருல இன்னா சார் இருக்குது, வுடுங்க. எந்தங்கச்சி அஞ்சலதான் ஒன்றரை வருஷமா எங்கிட்ட பேசறதில்ல. அதான் பேஜாரு."

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. தங்கையை வளவனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோனவர், விடிந்ததும் வயல் பக்கம் போயிருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் கடப்பாரையும் கையுமாக எல்லைக் கல்லைப் பிடுங்கித் தங்கையின் நிலத்துக்குள் ஒன்றரை முழம் தள்ளி நடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த ஒன்றரை முழம்தான் அவர்கள் கிணற்றுக்குப் போகிற வரப்பு. ஊரைக் கூட்டினார்கள். ஏழுமலைதான் ஒரே சாட்சி. எழுந்து நின்று வாயைத் திறக்கிறார் — கூட்டத்தில் எவனோ ஒருவன், "கப்பலையே ரெண்டா ஒடச்ச ஆளுப்பா, கல்ல நவுத்தமாட்டாரா?" என்று குரல் கொடுத்திருக்கிறான்.

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிந்தது. கிணற்றுக்குப் போக அஞ்சலை இப்போது நாலு வயல் சுற்றிக்கொண்டு போகிறாள். அண்ணன் போட்ட கார்டால் வந்த வினை என்று அவளுக்குக் கோபம். சர்வேயருக்கு மனு கொடுத்து, மனுவுக்கு ஒரு நினைவூட்டலும் கொடுத்தாகிவிட்டது.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எவனோ ஒருவன் குரல் கொடுத்தான் என்கிறாரே... அவன் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார்? கை குலுக்கல் வாங்கியது யார்?

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஊரைக் கூட்டச் சொல்லுங்க. நான் வர்றேன்" என்றேன்.

போனேன். பேப்பர் கட்டிங், லைப்ரரி முத்திரையோடு இங்கிலீஷ் பத்திரிகை, போதாததற்கு ஒரு கதர்ச் சட்டை. பால் சொசைட்டி வாசலில் பெரியவர்கள் நாலைந்து பேரும் சுற்றிலும் ஊரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை ஓரமாக இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

நான் இருபது நிமிஷம் பேசினேன். பனிப்பாறையில் ஆரம்பித்து, விசாரணையை அலசி, கடலடிக்குப் போய், படத்தைக் காட்டி, 'ஏழுமலை சொன்னதே உண்மை, நான் எழுதியது பொய்' என்று கை கூப்பி முடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரசங்கம் செய்ததில்லை. கைதட்டல்கூட வந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் பொறுமையாக எழுந்தார்.

"சார் மெட்ராஸ் பேப்பர்ல எழுதறவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும். கப்பலு ஒடஞ்சிச்சி, ஒத்துக்கறேன். கல்லு நவுந்துச்சிங்கறதுக்கு அதுல இன்னா சார் ஆதாரம் இருக்குது?"

அட!

நியாயமான கேள்வி. என் இருபது நிமிஷமும் அந்த ஒரு கேள்வியில் மூழ்கிப்போனது. முழுசாகத்தான். பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஏழுமலை தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அஞ்சலை வாயைத் திறந்தாள்.

"ஏன் சார், அந்தக் கப்பலு ஒடஞ்சிதா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இப்படி உக்காந்து பேசிக்கினு இருந்தா?"

"இல்லம்மா. அடியில போய்ப் பாத்தாங்க."

"எவ்வளோ ஆழம்?"

"நாலு கிலோமீட்டர்."

"நாலு கிலோமீட்டரு கீழ போய்ப் பாத்திருக்காங்க. இங்க ரெண்டு முழம் தோண்டிப் பாக்கறதுக்கு ஒங்களுக்கெல்லாம் ஒன்றரை வருஷம் ஆவுதா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எனக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்தான் விளக்கினார். இந்தப் பக்கத்தில் எல்லைக் கல் நடும்போது குழிக்குள் முதலில் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கொட்டி, அதற்கு மேல்தான் கல்லை நிறுத்துவார்களாம். கல்லை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். கரி மக்காது, நகராது, கீழேயே கிடக்கும். கல்லைத் திருடுகிறவன் அவசரத்தில் கரியை அள்ளிக்கொண்டு போவதில்லை.

"இது தெரிஞ்சிருந்தும் ஏன் அன்னிக்கே தோண்டல?" என்று கேட்டேன்.

பெரியவர் தலையைச் சொறிந்தார். "அதான் சிரிச்சிட்டோமே சார்" என்றார்.

இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. சிரித்தாகிவிட்டது என்றால் விசாரித்தாகிவிட்டது என்று அர்த்தம் — நமக்கு மட்டுமல்ல, சீமைக் கனவான்களுக்கும் அப்படித்தான். அஞ்சலையே தோண்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊர் கூடாமல் கல்லடியில் மண்வெட்டி வைத்தால், கல்லை நகர்த்தியதே அவள்தான் என்று ஆகிவிடும்.

எல்லோரும் வயலுக்கு நடந்தோம். கல் இப்போது நிற்கிற இடத்தில் முதலில் தோண்டினார்கள். செம்மண், செம்மண், இன்னும் செம்மண். பிறகு ஏழுமலை காலால் கோடு போட்ட இடத்தில் தோண்டினார்கள். ஒரு முழம் இறங்கியது, ஒன்றுமில்லை. ஏழுமலைக்கு நெற்றியில் வியர்வை. எனக்கு அவரைவிட அதிகம். பெரியவர் "போதும்ப்பா" என்று சொல்ல வாயெடுத்தார். அஞ்சலை மண்வெட்டியைத் தானே பிடுங்கி இன்னும் நாலு வெட்டு வெட்டினாள்.

கரி! கன்னங்கரேலென்று, கையளவு கட்டிகளாக, நேற்று அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டியது போல் கிடந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் குரல் கொடுத்த ஆள்தான் முதல் ஆளாக இறங்கிக் கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். அஞ்சலை மண்ணைத் தட்டிவிட்டு, "இன்னாண்ணா நின்னுகினு இருக்க? கொழம்பு ஆறுது, வா" என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. ஏழுமலை துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் சொன்னார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கிளம்பும்போது பக்கத்து நிலத்துக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், இத எழுதுவீங்கதான? எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம். பேர மட்டும் போட்டுடாதீங்க சார்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் இதுவரை அவர் பெயரோ அந்தக் கிராமத்தின் பெயரோ இதில் வரவில்லை.

வாக்குக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. கல்லைத் தள்ளி நட்டவருக்கு இத்தனை மரியாதை காட்டுகிறேன். உண்மையைச் சொல்லிக் கார்டு போட்டவரிடம், 'உங்கள் பெயரைப் போடலாமா' என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

அஞ்சலை வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏழுமலை, உங்க பேரை மறுபடி பத்திரிகையில போடலாமா?"

அவர் யோசித்தார். களியை ஒரு உருண்டை உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்கிவிட்டு அப்புறம்தான் சொன்னார்.

"போடுங்க சார். போன வாட்டி பொடி எழுத்துல போட்டீங்க. இந்த வாட்டி கொஞ்சம் பெருசா போடுங்க."

அச்சுக் கோக்கிற நண்பரே, கீழே வருகிற வரிக்கு மட்டும், கையில் இருப்பதிலேயே பெரிய எழுத்தை எடுங்கள்:

டைட்டானிக் இரண்டாக உடைந்துதான் மூழ்கியது என்று கூட்டேரிப்பட்டு ஏழுமலை அப்போதே சொன்னார்.