நூறு பல் பிளேடும் ஒரு தொட்டி மண்ணும்

எங்கள் வீட்டில் ஆபத்தான வேலை பார்ப்பவள் நான்தான் என்பது என் கணவரின் கட்சி. அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் பகுதிக்கு ஃபோர்மேன். நான் வீட்டுக்குப் பக்கவாட்டில், ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையில், ஒரு டேபிள் ரம்பம் வைத்து மரம் அறுக்கிறவள். வெடிமருந்துக்கு நடுவே போய் உட்காருவதற்காகக் காலையில் வேன் ஏறுகிற மனிதர், ஏறுமுன் என்னைப் பார்த்து, கையைப் பார்த்து வேலை செய் என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த அக்கறைக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருப்பேன்.

வேலையை விடுங்கள் என்று நான் கேட்காத வருடம் இல்லை. இந்த சீசனோடு சரி என்று அவர் சொல்லாத வருடமும் இல்லை. தீபாவளி முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிடும். ரம்பம் வந்த பிறகு கொஞ்சம் மாற்றிச் சொன்னார்: நீ அதை விற்றால் நான் யோசிக்கிறேன். நீங்கள் விட்டுவிட்டு வாருங்கள், நான் விற்கிறேன் என்றேன். முதலில் நீங்கள், முதலில் நீங்கள் என்று இருவரும் மிகுந்த மரியாதையோடு ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றோம்.

நான் அதற்கு முன் ஓர் அச்சகத்தில் இருந்தேன். காலண்டரில் அமாவாசை சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண் களைத்துப்போய் அதை விட்ட பிறகு பகலெல்லாம் வீடு. வீட்டில் சும்மா இருந்தால் என் காது கம்பெனிகள் இருக்கும் கிழக்குத் திசையிலேயே கிடக்கும். அங்கே ஒரு சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ரம்பம் ஓடும்போது வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது. மரவேலை மேல் எனக்குத் திடீரென்று பிறந்த காதலில் பாதி இதுதான். அவரிடம் மறுபாதியை மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

மெஷினோடு வந்த பிளேடு நல்ல பிளேடு. பல் குறைவு, ஆனால் தடித்த மரத்தையும் கிழித்துக்கொண்டு போகும். அச்சு மெஷின்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை எங்கள் ஊரில் உடைத்து விற்பார்கள். மலிவு என்று அதை வாங்கி அறுத்தேன். உள்ளே ஒளிந்திருந்த ஆணி பிளேடைப் பதம் பார்த்துவிட்டது.

சாணை பிடிக்கத் திருத்தங்கலுக்கு எடுத்துப்போனேன். அச்சகங்களில் பேப்பர் வெட்டும் நீளக் கத்திகளுக்குச் சாணை போடும் பட்டறை அது. காலண்டர் சீசன் வேறு. வரிசையில் கிடந்த கத்திகளுக்கு நடுவே என் பிளேடைப் பட்டறைக்காரர் அப்பளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரம்பப் பல் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராகச் சாய்ந்திருக்கும், நுனியில் ஒட்டியிருப்பது கார்பைடு என்ற கடினமான துண்டு, அதைத் தீட்ட வைரக்கல்தான் வேண்டும் என்று வீடியோவில் படித்த பாடத்தை ஒப்பித்தேன். "கத்தின்னா கத்திதான்க்கா. கூருதான வேணும்? வச்சிட்டுப் போங்க" என்றார்.

வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பல்லெல்லாம் ஒரே மட்டத்துக்கு, கவாத்துக்கு நிற்கும் போலீஸ்காரர்கள் மாதிரி நின்றன. சாய்வையும் காணோம், பாதி கார்பைடையும் காணோம். பளபளப்புக்கு மட்டும் குறைவில்லை. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

புதுசு வாங்க விருதுநகர் பஜாருக்குப் பஸ் ஏறினேன். ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் சார் வரவில்லையா என்று விசாரித்தார். ரம்பம் எனக்குத்தான் என்றதும் கொஞ்ச நேரம் துக்கம் அனுசரித்தார். தடித்த மரத்தை நீளவாக்கில் கிழிக்க வேண்டும், பல் குறைந்த பிளேடாகக் கொடுங்கள் என்றேன். அதை அவர் என் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டார். பல் கூடக்கூட வேலை பட்டு மாதிரி வரும், வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், நிறைய பல் இருப்பதாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரைமணி நேரம் உபதேசம் செய்தார். பல் குறைந்தது ஸ்டாக் இல்லை என்ற சின்ன விஷயத்தைக் கடைசியில்தான் சொன்னார். வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் நூறு பல் பிளேடோடு வீடு வந்தேன். தப்பென்று தெரிந்தே வாங்கினேன். பஸ் ஏறிப் போய் வந்தோமே என்ற வீறாப்பு அறிவை எப்போதும் ஜெயித்துவிடும்.

பல் அத்தனை நெருக்கமாக இருந்தால் மரத்தூள் வெளியேற இடமிருக்காது. மரம் அறுபடாமல் உரசி உரசிக் கருகும். இதுவும் எனக்குத் தெரியும். ஒரு பெஞ்சுக்குக் கால் செய்ய வேண்டியிருந்தது, வேப்பங்கட்டையை வைத்துத் தள்ளினேன். புகை வந்தது. கொஞ்சம்தானே, முடித்துவிடலாம் என்று இன்னும் தள்ளினேன்.

வேறு ஊரில் கருகல் வாசம் வந்தால், யார் வீட்டிலோ சோறு அடிபிடித்துவிட்டது என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் தெருவில் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார்கள். எதிர்வீட்டுக்காரி, மகளைப் பட்டாசு வேலைக்கு அனுப்பிவிட்டு இருப்பவள், செருப்புக்கூடப் போடாமல் முதலில் வந்தாளாம். கூப்பிட்டாளாம். காதுக் கவசமும் முகமூடியுமாக விண்வெளிக்குப் போகிறவள்போல் நின்ற எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய வேன் தெருமுனையில் நின்றிருக்கிறது. வாசலில் கூட்டம், கொட்டகையில் புகை. ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஓடி வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டார். திரும்பி ஓடி, தண்ணீரைத் தேடாமல் மண்ணைத் தேடினார், அது கம்பெனிப் பழக்கம். என் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கி ரம்பத்தின்மேல் கவிழ்த்தார். மண், செடி, வேர் எல்லாம் மெஷினுக்குள் போய் உட்கார்ந்தன. நெருப்பு என்று ஒன்று இருந்திருந்தால் நிச்சயம் அணைந்திருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு படியில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"கூட்டத்தப் பாத்தேன். பொகையப் பாத்தேன். ஒன்னைய மட்டும் காணோம்" என்றார்.

நல்லதாக நாலு குத்தல் வார்த்தை என்னிடம் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கிழக்க சத்தம் கேக்கும்போதெல்லாம் நான் இப்பிடித்தான் நிப்பேன், ஒங்க வேன் வர்ற வரைக்கும்" என்றேன். "நீங்க எறங்கி வந்து சோறு போடுன்னுவீக. நானும் போடுவேன்."

"இம்புட்டு நாளு சொல்லலியே."

"வெடிச்சது நம்ம கம்பெனி இல்லைன்னு ஒரு போன் போட்டீகளா?"

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆபீஸுக்கு நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான்.

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. இந்த சீசனோடு சரி என்று சொல்லிவிட்டு ஏறினார். பிறகென்ன, மனம் மாறி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வர இது என்ன சினிமாவா? நான் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து மெஷினுக்குள் மண் எடுத்தேன். பல் குறைந்த பிளேடை மதுரையிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்து பேசுவார். பேசுவதற்கு விஷயம் ஏதும் இருக்காது. சாப்பிட்டியா, பிளேடு வந்திருச்சா, வெயில் ஜாஸ்தி என்பார். வைத்துவிடுவார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு முற்பகலில், மறுபடி அந்த வேப்பங்கட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். புது பிளேடு, புகையே இல்லை. மேலே போட்டிருந்த அவருடைய பழைய சட்டையின் பையில் போன் அதிர்ந்தது. அவர் பேசுகிற நேரம் இல்லை அது. மெஷினை நிறுத்தி, ஒரு காதுக் கவசத்தை மட்டும் விலக்கிக்கொண்டு எடுத்தேன்.

"நம்ம கம்பெனி இல்ல. நான் நல்லா இருக்கேன்" என்றார்.

எது நம் கம்பெனி இல்லை என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. எதற்காக வாங்கினேனோ அந்த வேலையை மெஷின் ஒழுங்காகச் செய்திருந்தது.

கவசத்தைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்கப் பெண்கள். எதிர்வீட்டுக்காரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள். என்னைப் பார்த்ததும், "அண்ணன் பேசிட்டாகளா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மகளின் வேன் வரும்வரை, உடம்பெல்லாம் மரத்தூளோடு, அவள் பக்கத்தில் நின்றேன்.