நன்மைக்கு முன் ஒரு வெற்றிலை

மணப்பெண் சோடிக்கிற தொழிலுக்கு முதலில் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது, ஆனாலும் பதினைந்து வருடம் அந்தத் தொழிலைத்தான் செய்தேன். ஊர்காவற்றுறையிலும் பக்கத்துத் தீவுகளிலும் கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் கலியாணம் என்றால் என் தகரப் பெட்டியோடு நான் போய் நிற்க வேண்டும். பிறர் வீட்டுப் பெண்ணுக்குத் தலை வாரி, சேலை உடுத்தி, முக்காட்டு வலை குத்திவிட்டு, கடைசியில் பேச்சும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற சகோதரிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்காது.

நெடுந்தீவுப் பவுடர்

நெடுந்தீவில் ஒரு கலியாணம். வள்ளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே போய் இறங்கினேன். மறுநாள் காலையில் பெண்ணைச் சோடித்தேன். மாநிறம், கண் இரண்டும் அவ்வளவு அழகு. அளவாகப் பவுடர் போட்டுவிட்டு, குத்தூசி எடுக்க அடுத்த அறைக்குப் போனேன். அதற்குள் பெண்ணின் பெரியம்மா உள்ளே புகுந்து, மிச்சமிருந்த பவுடர் முழுவதையும் பிள்ளையின் முகத்திலும் கழுத்திலும் அப்பிவிட்டாள். துடைக்க நேரமில்லை, வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நல்ல வெக்கை. பூசை பாதி முடியுமுன்னே வேர்வை வழிந்து, முகத்தில் வரிவரியாகக் கோடு விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண் அழுததில் மிச்சமும் கரைந்தது. அப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெரியம்மாவே நாலு பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "மூஞ்சையை வெள்ளையாக்கத் தெரியாட்டில் உனக்கு ஏனடி இந்தத் தொழில்?"

செபக்கூட்டத்தில் கேட்டது

மதலேனம்மா எங்கள் கோவில் பெண்கள் செபக்கூட்டத்தின் தலைவி. சனிக்கிழமை பின்னேரங்களில் பாய் விரித்து நாங்கள் இருப்போம். அவ கதிரையில் இருந்து புத்தி சொல்லுவா. ஒருநாள் பேச்சு முழுக்க அழகைப் பற்றி. நகையும் பட்டும் அழகல்ல, அடக்கமும் விசுவாசமுமே பெண்ணுக்கு அழகு, கடவுள் முகத்தைப் பார்ப்பதில்லை, மனதைத்தான் பார்க்கிறார் என்று உருகி உருகிச் சொன்னா. எனக்கே கண் கலங்கிவிட்டது. என் தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டா. மகன் சவிரிக்குச் சுருவில் ஊரில் பெண் பேசி முடிந்துவிட்டதாம். பெண் லூசியா. எனக்கு அவளை நன்றாகத் தெரியும். காய்ச்சல் பரவிய வருடம் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனவள், பெற்ற பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்த கிழவிகளுக்குத் தலை துடைத்துவிட்டவள். "நல்ல இடம், அக்கா" என்றேன். மதலேனம்மா பெருமூச்சு விட்டா. பிள்ளை கறுப்பு, உதடும் கறுப்பு, என்னால் ஆனதைச் செய்ய வேண்டுமாம். சற்றுமுன் சொன்ன புத்தியை நான் நினைவூட்டினேன். அதற்கு அவவிடம் பதில் இருந்தது: "மனசு நல்லதெண்டு கோயிலிலை நிக்கிற சனத்துக்கு எப்பிடியடி தெரியும்?"

கலியாணக் காலை

அந்தக் காலச் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் நன்மை, அதாவது சுவாமியார் நாக்கில் வைக்கிற திவ்விய அப்பம், எடுக்கிறவர் நடுச்சாமம் தொடக்கம் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கக்கூடாது. கலியாணப் பூசையில் பெண் நன்மை எடுக்காமல் இருந்தாலோ, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத ஏதோ பாவம் அவளிடம் இருக்கிறது என்று ஊர் பேசத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் பேச்சை ஒருவராலும் நிறுத்த ஏலாது.

லூசியா நாக்கு வறண்டு, ஆனால் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு நான் பவுடர் தொடவேயில்லை. அப்போது மாப்பிள்ளை வீட்டுக் கூறைச்சேலையோடு மதலேனம்மா வந்தா. முகத்தைப் பார்த்தா. மடியிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்து நீட்டினா. உதடு சிவக்க மென்று துப்ப வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து படம் பிடிக்கிறவர் வருகிறாராம்.

"மாமி, நன்மை எடுக்கவேணும்" என்றாள் லூசியா. "விழுங்கச் சொன்னனானே? துப்பு!" என்றா மதலேனம்மா. நானும் தடுத்தேன். "அப்ப சேலையைத் திருப்பிக் கொண்டுபோகட்டே?" என்று கேட்டா. வாசலில் நின்ற லூசியாவின் தகப்பனின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்த பிள்ளை வாயைத் திறந்தாள். சுருளை வாங்கி அவள் வாயில் வைத்தது என் கை. அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

பட்டினி வாயில் வெற்றிலைக் காரம் ஏறிப் பிள்ளைக்குப் புரைக்கேறியது. இருமி, திணறி, சாறு முழுவதும் உள்ளே போய்விட்டது. "அக்கா, விழுங்கிப்போட்டன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முக்காட்டுத் துணியால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். செபக்கூட்டத் தலைவி கண்ணாடியைப் பிடித்து, உதடு சிவந்திருக்கிறதா என்று பார்த்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "ஆருக்குத் தெரியப்போகுது? நீ பேசாமல் போய் நன்மையை எடு."

கோவிலில்

சுவாமியார் நன்மையோடு வந்தார். சவிரி எடுத்தான். லூசியா தலையைக் குனிந்து, வேண்டாம் என்று அசைத்தாள். சுவாமியார் ஒரு கணம் நின்றுவிட்டு அப்பால் போனார்.

அவ்வளவுதான். ஒரு வாங்குப் பலகையிலிருந்து அடுத்த பலகைக்குக் குசுகுசுப்பு ஓடியது. கஞ்சி குடித்துப் பிழைத்த கிழவிகளும் அதில் இருந்தார்கள். நான் மதலேனம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது முகம் வாடும் என்று நினைத்தேன். அவ செபமாலையை உருட்டிக்கொண்டு, தனக்குத்தான் பெரிய அநியாயம் நடந்துவிட்டது போலக் கண்ணை மூடி இருந்தா. என் பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள் சொன்னாள்: "வடிவில்லாட்டிலும் ஒழுக்கமான பெட்டை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சனாங்கள்!"

வாசலில்

பூசை முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் இருண்டுபோய்க் கிடந்தது. லூசியாவுக்கு ஒருவரும் வாழ்த்துச் சொல்லக் கிட்ட வரவில்லை. அவளுடைய தகப்பன் மதிலோரம் தனியே நின்றார். "என்ரை விதி" என்று மதலேனம்மா பெருமூச்சு விட்டா பாருங்கள், அதோடு எனக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போயிற்று.

முக்காட்டை இழுத்து எல்லாருக்கும் முன்னால் பிடித்தேன். அதில் சிவப்பு அப்படியே இருந்தது. "இதைப் பாருங்கோ! இது வெத்திலைச் சாறு. குடுத்தது மாமி, வாயிலை வைச்சது நான். கள்ளமாய் நன்மை எடுக்க மாட்டன் எண்டு இருந்தது இந்தப் பிள்ளை ஒருத்திதான். பாவி ஆரெண்டு இப்ப பேசுங்கோ!" என்று கத்தினேன்.

சவிரி தாயைப் பார்த்தான். மதலேனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. பிறகு அவன் லூசியாவிடம், "உண்மையே?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். "என்னட்டையாவது ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டான். அந்தப் பிள்ளை நடுச்சாமம் முதல் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவள், ஊர் முழுக்கப் பழி சுமத்திய பிறகும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்கடை அம்மாவைக் காட்டிக்குடுக்கவே நான் கோயிலுக்கு வந்தனான்?"

படம்

அடுத்த ஞாயிறு சவிரியும் லூசியாவும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று நன்மை எடுத்தார்கள். மதலேனம்மா நன்மை எடுக்க இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அன்று ஒருவரும் குசுகுசுக்கவில்லை, கிழவிகளுக்கு வெட்கம். என்னை அதற்குப் பிறகு மூன்று நாலு வீடுகள் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை, வாய்க்காரியாம்.

கலியாணத்தன்று கோவில் வாசலில் எடுத்த படம் ஒரு மாதம் கழித்து வந்தது. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, கறுப்பாகத்தான் விழும். இது அந்த வாசலில் நின்ற எங்கள் ஒருவருக்கும் தெரியாது. லூசியாவின் சொந்த உதட்டைவிட இரண்டு பங்கு கறுப்பாக, கரி பூசியது போல உதடு விழுந்திருந்தது. மதலேனம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா, கிட்டப் பிடித்தா, தூரப் பிடித்தா, கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டா: "நல்ல வெத்திலையாய்ப் பாத்தெல்லோ கடையிலை வேண்டினனான், ஏனடி சிவப்புப் பிடிக்கேல்லை?"

பதினைந்து வருடம் சோடித்ததில் நான் கண்டது, பெண்ணின் முகத்தில் எனக்கு இருந்த வேலை கொஞ்சம், பார்க்க வந்தவர்களின் கண்ணில் இருந்த வேலைதான் அதிகம், அதற்குப் பூச என் தகரப் பெட்டியில் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான்.