கண்ணாடியில் ஒட்டிய மீன்

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மூடியில் ஆணியால் குத்திய நான்கு ஓட்டைகள். அதில் நான் எதையும் போட்டு வைப்பதில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை. வில்லியனூரில் வண்ணமீன் கடை வைத்திருந்த அக்கா கொடுத்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் மகளுக்கு நான்கு வயது. வீட்டுத் தொட்டியில் இருந்த ஒற்றைத் தங்கமீனைத் தன் தங்கை என்றே சொல்வாள். தொட்டியின் கண்ணாடியெங்கும் பாசி பிடித்தபோது, பாசி தின்னும் மீன் ஒன்று வாங்கப் போனேன். குழந்தையின் காய்ச்சல் மருந்தைக்கூட இரண்டு முறை அளந்து பார்க்கும் ஆள் நான். சயாம் வகை சாது, அதைப்போலவே இருக்கும் சீன வகை வளர்ந்தபின் மற்ற மீன்களைத் தாக்கும் என்று இந்தப் பாசி மீன்களைப் பற்றிப் படித்து, இரண்டின் படங்களையும் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தேன்.

கடையில் இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து கிடந்தன. விரல் நீளம், சாம்பல் உடல், பக்கத்தில் கறுப்புக் கோடு. அக்கா வகைக்கு ஒன்றாகப் பிடித்து அந்தப் பாட்டிலில் விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பக்கவாட்டில் பார் என்றார். ஒன்று அடியில் துடுப்புகளை ஊன்றிச் சும்மா நின்றது. மற்றது வாயால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஓயாமல் சப்பியது.

“நிக்குது பாரு, அத எடுத்துக்கம்மா. கோடு வால் நுனி வரிக்கும் ஓடுது பாரு. ஒட்டிக்கினு கீறது வேணாம்.”

பிடிபட்ட பயத்தில் இரண்டின் கோடும் வெளிறியிருந்தது. எதுவும் என் படத்தோடு ஒத்துப்போகவில்லை. கண்ணெதிரே வேலை செய்யும் மீனை விட்டுவிட்டு, சோம்பேறியை ஏன் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒட்டியிருப்பதையே கேட்டேன்.

“இன்னா பொண்ணும்மா நீ, ஃபோன நம்புற, என்னிய நம்ப மாட்டன்ற” என்று சிரித்துக்கொண்டே மற்றதை எடுத்துவிட்டு, பாட்டிலோடு கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. நான் செய்தது சரிதான் என்று அபூர்வமாக நிம்மதியாக இருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ரெண்டும் கட்டிப்பிடிச்சிக்கினு கீது.”

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை நீளம் வளர்ந்திருந்த அந்த மீன், தங்கமீனின் விலாவில் வாயைப் பதித்திருந்தது. கண்ணாடியைச் சப்பிய அதே வாய், அதே நிதானம். கையிலிருந்த சீப்பால் தள்ளி விலக்கினேன். செதில் போன இடத்தில் சதை சிவந்திருந்தது. மகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் தங்கமீன் மல்லாந்து மிதந்தது.

ஏன் என்று அழுதுகொண்டே கேட்டாள். கடையில் தப்பான மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். யோசித்துச் சொன்னதல்ல; அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அன்று மாலையே அந்த மீனை அதே பாட்டிலில் போட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய், “நீங்கதான் தப்பு மீன் குடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

அக்கா பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்தான் கேட்டு வாங்கினேன் என்று இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஆமா கண்ணு. நான்தான் குடுத்துட்டேன்.”

மீனைத் தனித் தொட்டியில் விட்டு, பாட்டிலைக் கழுவி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மகள் கையைப் பிடித்து வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கடை இல்லை. அக்கா திருபுவனைப் பக்கம் ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகச் சொல்கிறார்கள். போன வாரம் அலமாரியைத் துடைக்க வந்த மகள், “தப்பு மீன் குடுத்தாங்களே, அந்த பாட்டில்” என்று எடுத்து நீட்டினாள். என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப அவங்க ஏம்மா ஆமான்னாங்க?”

நான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.