ஹீலிக்ஸும் விதைநெல்லும்

ஏழாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த சொல் ஹீலிக்ஸ். ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும், போட்டி தஞ்சாவூரில். பாபநாசத்தைத் தாண்டியே அறியாத எனக்கு எந்தச் சொல்லானாலும் சரி, தஞ்சாவூர் போனால் போதும். அப்பாதான், "விதைப்பு நேரம், யாரு கூட்டிட்டுப் போறது?" என்று பிடிகொடுக்காமல் இருந்தார்.

பள்ளிக்கூட அகராதியைப் புரட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லாம். முறுக்கிச் சுற்றியது என்று அர்த்தமாம். ஒரு படர்கொடிக்கும் அந்தப் பெயர், ஒரு நத்தை இனத்துக்கும் அந்தப் பெயர், காதின் வெளிமடிப்புக்கும் அதே பெயர். அப்படியென்றால் என் தலையிலேயே இரண்டு ஹீலிக்ஸ்!

எல்லாவற்றிலும் பெரியது எங்கள் வாசல் கொட்டகையில் நின்றது. வைக்கோலைக் கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி மேலேற்றி, உள்ளே விதைநெல் கொட்டி வைத்திருந்த சேர். அடியிலிருந்து நுனிவரை ஒரே வைக்கோல் பிரிதானா? மேடையில் அடித்துச் சொல்ல வேண்டுமே! முக்காலியில் ஏறி மேல்நுனியை உருவினேன். ஒரு சுற்று கழன்றது. ஆகா, அறுபடவே இல்லை! இன்னொரு சுற்று. மூன்றாவதை நான் கேட்காமலே சேர் கொடுத்தது. நெல் சரசரவென்று சரிந்து, வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் போய் விழுந்தது.

அப்பா ஓடிவந்து என் காதைத் திருகினார்.

"அப்பா, நீங்க புடிச்சிருக்கீங்களே, அதுவும் ஹீலிக்ஸ்தான்!"

பயத்தில் அதுதான் வந்தது. வந்தது நிற்கவும் இல்லை. மூன்று நிமிடப் பேச்சையும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டேன். காதிலிருந்த பிடி தளர்ந்தது.

"இன்னொரு தடவ சொல்லு பாப்பா" என்றவர், அம்மாவையும் கூப்பிட்டார். சேற்றில் நெல்லை வாரிக்கொண்டே இருவரும் கேட்டார்கள்.

நனைந்த விதையை அன்றைக்கே மூட்டை கட்டி ஊறப்போட்டார்கள். "முளை கட்ட எப்படியும் ரெண்டு நாளாவும். வா, போய்ட்டு வந்துருவோம்" என்று அப்பாவே மறுநாள் காலையில் என்னைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பஸ்ஸிலும் அவர் விடவில்லை. "இன்னொருக்கா சொல்லு. கொஞ்சம் சத்தமா" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று அவர் பார்த்துக்கொண்டார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மனிதருக்கு இங்கிலீஷ் ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்தி, பொறுமையாகவே சொன்னேன். பாவம், எத்தனை தரம் சொன்னாலும் அவருக்குப் புரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.